மூன்றாம் பாத்தி கேட்கிறது

மார்ச் பதினொன்றாம் தேதி காலை, வீட்டின் அடுக்களைச் சுவரில் மாட்டியிருந்த நீர்ப்பாய்ச்சும் பெட்டியில் மூன்றாவது விளக்கு சிவப்பாக எரிந்தது. முந்தைய இரவு முழுக்க மழை பெய்திருந்தது.

அவள் தேநீர்க் கோப்பையோடு பெட்டியின் முன்னால் நின்றாள். நான்கு பாத்திகளுக்கு நான்கு சோடி விளக்குகள். சிவப்பின் கீழே 'தாகம்' என்றும் பச்சையின் கீழே 'போதும்' என்றும் சின்னச் சின்னக் காகிதம் வெட்டி ஒட்டியிருந்தது. கணவரின் கையெழுத்து. லிஃப்டுக் கதவுகளில் 'ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது' என்று எழுதி எழுதித் தடித்துப்போன கட்டை எழுத்து. ஒன்றும் இரண்டும் நான்கும் போதும் என்றன. மூன்று மட்டும் தாகம் என்றது.

பின்கதவைத் திறந்துகொண்டு போனாள். மதில் சுவரில் நத்தைகள் ஏறிக்கொண்டிருந்தன. செம்பருத்தி இலைகளின் நுனியில் நேற்றைய மழை இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. செருப்பு சேற்றில் சளக் சளக்கென்று புதைந்து புதைந்து எழுந்தது. மூன்றாம் பாத்தியின் விளிம்பில் காலை வைத்ததும் அந்தச் சத்தம் நின்றுவிட்டது. மண் வெளுத்திருந்தது. நடுவில் நின்ற எலுமிச்சங்கன்றைச் சுற்றிப் பொருக்கு வெடித்து, ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டிருந்தன, காய்ச்சல்காரனின் உதடு மாதிரி. அவள் குனிந்து ஒரு கைப்பிடி அள்ளினாள். விரலிடுக்கில் மாவாய் உதிர்ந்தது.

அந்த மண்ணில்தான் கணவரின் சாம்பல் இருந்தது.

அவர் லிஃப்டு மெக்கானிக். தொண்டையில் வந்திருப்பது என்ன என்று தெரிந்த வாரத்திலேயே கடைக்குப் போய்க் கறுப்புக் குழாய்ச் சுருளும் வால்வுகளும் வாங்கி வந்தார். "உன் கை பட்டா பிளாஸ்டிக் செடியே வாடும் மகாராணி. எனக்கப்புறம் இதுங்க உன்கிட்ட மாட்டிக்கிட்டு முழிக்கக் கூடாதுல்ல" என்று சொல்லிக்கொண்டே தோட்டத்தில் மண்டியிட்டார். ஒவ்வொரு பாத்திக்கும் இரண்டு முள் வைத்த சென்சார் ஒன்று. மண் காய்ந்தால் அது பெட்டிக்குச் சொல்லும், பெட்டி வால்வைத் திறக்கும். மண் நனைந்ததும் மூடும். கடைக்காரர் காலையில் இத்தனை நிமிடம், மாலையில் இத்தனை நிமிடம் என்று நேரம் வைத்துத் தருகிறேன் என்றார். இவர் கேட்கவில்லை. "கடிகாரத்துக்கு என்னய்யா தெரியும் தாகம்? மண்ணு கேக்கட்டும், அப்பக் குடுப்போம். போதும்னு சொல்றவரைக்கும் குடுப்போம்."

சாம்பலை எங்கே சேர்ப்பது என்பதையும் அவரே சொல்லியிருந்தார். "மூணாம் பாத்தியில போட்டுடு. நல்லா வெயில் விழுற இடம். சும்மா கெடக்காம எலுமிச்சைக்கு எருவாவது ஆவேன்." அப்போதே குரல் பாதி காற்றாகிவிட்டிருந்தது. ஜனவரியில் அவளும் மகளும் அப்படியே செய்தார்கள். கன்றை நட்ட பிறகு, அவர் கற்றுக்கொடுத்தபடி, வேருக்கு வாய் இருக்கும் இடம் பார்த்து, சாம்பலுக்கு நேர்மேலே அவள்தான் சென்சாரை அழுத்திக் குத்தினாள்.

எங்கோ வயர் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

அவளுக்குக் காது பரிசோதனை நிலையத்தில் வேலை. நோயாளியின் காதுத் துளையில் சின்ன ரப்பர் முனையை அடைத்து, காற்றழுத்தத்தை ஏற்றி இறக்கி, செவிப்பறை எப்படி அசைகிறது என்று கருவியில் கோடு எடுப்பாள். அந்தச் சில நொடிகள் ஆடக் கூடாது, பேசக் கூடாது, எச்சிலைக்கூட விழுங்கக் கூடாது. விழுங்கினால் கோடு துள்ளிவிடும். நாள் முழுக்க அவள் வாயில் ஒரே வார்த்தைதான்: "விழுங்காதீங்க." பக்கத்தில் இருப்பவர் விழுங்கினால், கோட்டைப் பார்க்காமலே தெரிந்துகொள்ளும் அளவுக்குக் காது பழகியிருந்தது. நாக்கின் அடி எழும்பும் மெல்லிய ஒட்டொலி, பிறகு ஒரு சின்ன இறக்கம், கடைசியில் காற்று திரும்புகிற ஒரு 'க்'.

அன்று மாலை துணி எடுக்கப் போனபோது வால்வு 'டக்' என்று திறந்தது. குழாய்க்குள் நீர் ஓடிவரும் சரசரப்பு, காற்றுக்குமிழ்கள் உடையும் சத்தம், சொட்டு வாய்களில் நீர் கட்டி விழும் மெல்லிய தாளம். அவர் இருந்த காலத்திலிருந்து கேட்டுக் கேட்டு, கேட்காமலே போய்விட்ட சத்தங்கள். அவற்றுக்கு அடியில், மண்ணுக்கும் அடியில், இன்னொன்றும் இருந்தது.

ஒட்டொலி. இறக்கம். 'க்'.

கையில் தலையணை உறையோடு அவள் அசையாமல் நின்றாள். மறுபடியும். பிறகு மறுபடியும். அவசரமாக, மூச்சு வாங்க இடைவெளி விடாமல்.

"அவர் போனாலும் அவர் தண்ணி விடுற சத்தம் போகல பாருங்க!" அடுத்த வீட்டு மாடிக்காரம்மா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து குரல் கொடுத்தாள். அவள் வீட்டுத் துணிக்கொடியிலிருந்து எது விழுந்தாலும் இந்தத் தோட்டத்தில்தான் விழும். "மழை பேஞ்ச மறுநாளும் பாய்ச்சுறீங்களே, என்ன நெல்லா போட்டிருக்கீங்க?"

"மிஷினு கெட்டுப்போச்சு போலக்கா."

"மனுஷனே கெடுறான், மிஷினு கெடாதா? என் துண்டு ஏதாவது விழுந்து கெடந்தா எடுத்து வைங்க."

குழாய்க்காரர் மறுநாள் வந்தார். வாயில் பாக்கு, காதில் பென்சில், எதற்கும் கலங்காத ஆள். சென்சாரைப் பிடுங்கிப் பார்த்து, "எலி மேடம்" என்றார். பிளாஸ்டிக் தண்டில் வரிசையாகப் பள்ளங்கள் இருந்தன. ஒரு பக்கம் ஒரு வரிசை, மறுபக்கம் ஒரு வரிசை. அவள் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். எலிப்பல் இவ்வளவு அகலமா என்று கேட்க வாயெடுத்தவள் கேட்கவில்லை.

புதிய சென்சாரை அவர் முதலில் ஒரு வாளித் தண்ணீரில் நனைத்துக் காட்டினார். பெட்டியில் பச்சை எரிந்தது. "பாத்தீங்களா? சொக்கத் தங்கம். இப்ப உங்க எலுமிச்சைக்குப் போடுவோம்." மூன்றாம் பாத்தியில் குத்தினார். சிவப்பு. வாளியை அப்படியே பாத்தியில் கவிழ்த்தார். தண்ணீர் ஒரு கணம்கூடத் தேங்கவில்லை. ஓட்டைப் பானையில் ஊற்றியது போல உள்ளே போயிற்று. சிவப்பு.

"கீழ ஏதோ பொந்து இருக்கு" என்று சொல்லி முழங்கை வரை கையை விட்டுத் துழாவினார். மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. கையை வெளியே இழுத்து, விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நுனிகள் வெளுத்துச் சுருங்கி, சுண்ணாம்பில் வேலை செய்தவனின் கை மாதிரி வெடித்திருந்தன.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல மேடம். மண்ணு சரியில்ல. லைனை அடைச்சு விட்டுடுங்க." கைப்பையை எடுத்தவர் கேட்டு வரை ஓடவில்லை. ஆனால் நடக்கவும் இல்லை. குறடு பாத்தி ஓரத்திலேயே கிடந்தது. அதை எடுக்க அவர் திரும்பி வரவேயில்லை.

மகள் தொலைபேசியில் சிரித்தாள். "மண்ணுக்குத் தாகமாம்! அப்பாவுக்கு லிஃப்டுப் பைத்தியம், உனக்குப் பாத்திப் பைத்தியமா? மூட்டை கட்டிட்டியா இல்லையா? ஞாயித்துக்கிழமை கார் எடுத்துட்டு வரேன்."

மகள் வீட்டோடு போய்விடுவது என்று பிப்ரவரியிலேயே முடிவாகியிருந்தது. பெட்டிகள் இரண்டு கூடத்தில் தயாராக நின்றன.

"அதுக்கு யாரு தண்ணி விடுவா?"

"அதுதான் தானா விட்டுக்குமேம்மா. அதுக்குத்தானே அப்பா பண்ணி வச்சுட்டுப் போனாரு?"

"போதும்னு சொல்ல மாட்டேங்குதுடி."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. "அம்மா. நீ ராத்திரி தூங்குறியா? ஒழுங்கா தண்ணி குடிக்கிறியா? குரலே சரியில்லையே."

குழாய்க்காரர் சொன்னபடி அவள் மூன்றாம் பாத்திக்குப் போகும் குழாயின் திருகை மூடினாள். அன்றைக்குத் தோட்டத்தில் சத்தம் இல்லை.

விடிந்தபோது இரண்டாவது விளக்கும் சிவப்பு. அதற்கு மறுநாள் நான்காவது. புதினா வைக்கோலாகிக் கிடந்தது. செம்பருத்தி மொட்டுகள் விரியாமலே கருகி, தொட்டதும் கழன்று விழுந்தன. மூன்றாம் பாத்தியிலிருந்து வெடிப்புகள் கிளம்பி, நடைபாதைக் கல்லின் அடியில் நுழைந்து, அடுத்த பக்கம் எழுந்து, வீட்டை நோக்கி வந்திருந்தன. ஒன்று பின்கதவுப் படியைத் தொட்டிருந்தது.

பிறகு வீட்டுக்குள். கட்டிலருகே மூடி வைத்த தம்ளரில் காலையில் தண்ணீர் இல்லை. அடியில் வெள்ளை வளையம் மட்டும். பூச்சாடி வறண்டிருந்தது. சோப்பு வெடித்திருந்தது. குழாயைத் திறந்தால் முதலில் ஒரு இருமல், பிறகுதான் நீர். நிலையத்தில் ஒரு முதியவரின் காதில் முனையை வைத்துவிட்டு "விழுங்காதீங்க" என்று சொல்ல வாய் திறந்தபோது நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. அவர் தன் பையிலிருந்து தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினார். "நீங்க மொதல்ல குடிங்கம்மா. என் காது எங்கயும் ஓடிப் போகாது." அவள் குடித்தாள். பாட்டில் காலியாகும் வரை குடித்தாள். வாய் நனையவில்லை.

அதன் பிறகு அவளால் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கடைசி வாரம் அவருக்கு வாய்வழியாக எதுவும் கூடாது என்றார்கள். விழுங்கும் தசை போய்விட்டது, தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும், ஒரு வாய் போதும். கட்டிலின் தலைமாட்டில் அட்டை மாட்டினார்கள். கையில் ஏறுகிற மெல்லிய குழாயைக் காட்டி, வேண்டிய நீர் இறங்குகிறது, உடம்புக்குக் குறையில்லை என்றார் மருத்துவர். உடம்புக்குக் குறையில்லை. வாய்க்குத்தான்.

"ஒரு வாய் குடு. முழுங்க மாட்டேன். வாயில வச்சிருந்து துப்பிடறேன்."

"கூடாதுங்க. டாக்டர் சொல்லியிருக்காங்கல்ல."

"ஊரையே முழுங்காம உக்கார வச்சவ நீ. என்னை வைக்க முடியாதா?"

குச்சியில் கட்டிய பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றினாள். அதற்கு மட்டும் அனுமதி இருந்தது. ஒருநாள் அவர் அதைப் பல்லால் பிடித்துக்கொண்டார். அவள் முதலில் சிரித்தாள்: "ஐயே, நாய்க்குட்டி மாதிரி. விடுங்க." அவர் விடவில்லை. கண்ணை அவள் மேல் வைத்துக்கொண்டு, கன்னம் குழிய உறிஞ்சினார். அவள் இழுத்தாள். அவர் பிடித்தார். அவள் வலுவாக இழுத்தாள். பஞ்சு பாதி கிழிந்து வந்தது. மீதியை வாயிலிருந்து நர்ஸ் எடுத்தாள்.

அன்று மாலை அவள் அறைக்கதவின் பின்னால் போய் நின்றுகொண்டு, பையிலிருந்த எவர்சில்வர் பாட்டிலைத் திறந்து, சத்தம் வராமல், வாய்க்குள்ளேயே அடக்கி அடக்கித் தண்ணீர் குடித்தாள். காலையிலிருந்து குடித்திருக்கவில்லை. உதட்டைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் கூரையைப் பார்த்தபடி இருந்தார்.

"குடிச்சியா?" என்றார். பிறகு, "நல்லா இருந்துச்சா?"

அதில் கோபம் இல்லை. எங்கோ விருந்துக்குப் போய் வந்தவளிடம் விசாரிப்பது போலத்தான் இருந்தது. அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை. விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

சனிக்கிழமை பகலில் ஒலிபெருக்கி கட்டிய வண்டி தெருத்தெருவாகப் போயிற்று. பிரதான குழாய் உடைந்துவிட்டது, இரண்டு நாளைக்குத் தண்ணீர் வராது, பொதுமக்கள் சிக்கனமாகப் பயன்படுத்த வேண்டும். அவள் மொட்டைமாடிக்கு ஏறித் தொட்டியைத் தட்டினாள். வெறும் சத்தம்.

பொழுது சாயும்போது அடுக்களையில் நின்றாள். நான்கு விளக்குகளும் சிவப்பு. தாகம். தாகம். தாகம். தாகம். நாளைக் காலையில் மகள் வந்துவிடுவாள். பூட்டிக்கொண்டு போய்விட வேண்டியதுதான். அடைத்த திருகு அடைத்தபடியே இருக்கும். அவர் மறுபடி கூரையைப் பார்த்தபடி கிடப்பார்.

அலமாரியின் பின்வரிசையிலிருந்து அந்த எவர்சில்வர் பாட்டிலை எடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு தொடாதது. குளிர்பெட்டியில் கடைசியாக இருந்த தண்ணீரை அதில் நிரப்பினாள். ஒரு சொட்டு கையில் சிந்தியது, சிந்திய வேகத்தில் காணாமல் போயிற்று.

தோட்டத்தில் ஒரு பூச்சிகூடக் கத்தவில்லை. சருகாகிப்போன செடிகளின் வாசனை, உலர்ந்த மருந்து போல ஒரு வாசனை, அதற்கடியில் நாள்பட வாய் திறக்காத ஒருவரின் மூச்சு வாசனை. அந்தக் கடைசி வாரம் முழுக்க அவள் பக்கத்தில் உட்கார்ந்து முகர்ந்த வாசனை. செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுப் பாத்தி ஓரம் மண்டியிட்டாள். குழாயின் திருகைத் திறந்தாள். வால்வு 'டக்' என்றது. நீர் வரவில்லை. சொட்டு வாய்கள் எல்லாம் ஒன்றுசேர உள்ளே இழுத்தன. குழாய் நெடுகச் சப்பையாக ஒடுங்கியது.

"இருங்க, இருங்க" என்றாள். பாட்டிலைத் திறந்தாள்.

ஊற்றினாள். ஒட்டொலி. இறக்கம். 'க்'. ஒட்டொலி. இறக்கம். 'க்'. பாட்டில் காலி. மண் வெளுப்பாகவே இருந்தது.

"நல்லா இருந்துச்சா?"

அவள் கேட்டதும் சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டிருப்பது போல நின்றது.

சென்சார் கொஞ்சம் சாய்ந்திருந்தது. நிமிர்த்தலாம் என்று தண்டைப் பிடித்தாள். அசையவில்லை. இழுத்தாள். அது திருப்பி இழுத்தது.

அந்த இழுப்பு அவளுக்குத் தெரியும். இந்தக் கைக்குத் தெரியும். குச்சி வழியாக ஒருமுறை வந்தது. எவ்வளவு பலம், எவ்வளவு பலவீனம், எந்த இடத்தில் தாடை நடுங்கும், எல்லாம் தெரியும்.

உள்ளுக்குள் பயம் எழுந்தது. எழுந்து ஓடு என்றது. பின்கதவு திறந்துதான் இருந்தது. பத்தடி இருக்காது.

அவள் இழுக்கவில்லை.

கையைத் தளர்த்தினாள். தண்டு மெல்ல மெல்ல உள்ளே போயிற்று. கூடவே விரல் நுனி. தோல் சுருங்கிற்று. வலிக்கவில்லை. வெடிப்புகள் ஒன்றையொன்று தேடி வந்து சேர்ந்தன. நடுவில் ஒரு நீளக் கீறல். கீறலின் இரண்டு ஓரமும் தடித்தன. பொருக்குத் தட்டிய ஓரம். நன்றாகத் தெரிந்த ஓரம். இடது மூலையில் அந்தச் சின்ன வளைவு.

அது திறந்தது.

உள்ளே இருட்டு. இருட்டில் ஒரு துண்டுப் பஞ்சு.

அவள் கன்னத்தை மண்ணில் வைத்துப் படுத்தாள். முகத்தைத் திருப்பினாள். உதடு உதட்டில் பட்டது.

"விழுங்குங்க" என்றாள். "யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. விழுங்குங்க."

ஒட்டொலி.

இறக்கம்.

'க்'.

ஞாயிற்றுக்கிழமை காலையும் அந்தப் பகுதிக்குத் தண்ணீர் வரவில்லை. மழையும் இல்லை. அடுத்த வீட்டு மாடிக்காரம்மா கைப்பிடிச் சுவரிலிருந்து எட்டிப் பார்த்து, எலுமிச்சங்கன்றின் அடியில் காய்ந்து சுருங்கிய துணி ஏதோ விழுந்து கிடப்பதைக் கண்டு, தன் வீட்டுக் கொடியிலிருந்து விழுந்ததாக்கும் என்று எண்ணி, எடுத்து வைக்கச் சொல்லிக் குரல் கொடுத்தாள். சற்று நேரத்தில் வாசலில் மகளின் கார் வந்து நின்றது. அடுக்களைப் பெட்டியில் ஒன்றும் இரண்டும் நான்கும் சிவப்பாக எரிந்தன. மூன்றாவது பச்சை.